சைக்கிள் சீட் பை ஏன் வால்போல ஆடுகிறது?

ஓர் இரவு கூடாரம் போட்டுத் தங்கிவரச் சைக்கிளில் கிளம்புகிறோம். சீட்டுக்குப் பின்னால் நீளமான பை. மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் அது இடமும் வலமும் ஆடுகிறது. ஏன்?

மிதிக்க மிதிக்கச் சைக்கிள் இருபுறமும் சாய்கிறது. பை சீட்டின் அடிக்கம்பிகளிலும் சீட் தண்டிலும் மட்டுமே கட்டப்பட்டிருப்பதால், பின்முனைக்குப் பிடிமானம் இல்லை. தண்டிலிருந்து 10 செ.மீ. தள்ளியுள்ள 1 கிலோ எடையை 40 செ.மீ.க்கு நகர்த்தினால், அதன் நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சியில் வரும் மாற்றத்தை எதிர்க்கும் அளவு) 4 மடங்கல்ல, 16 மடங்காகும். தூரத்தின் வர்க்கத்துக்கேற்ப அது கூடுகிறது. ஆடத் தொடங்கிய வாலை அடக்குவதும் அவ்வளவு கடினம்.

எப்படித் தவிர்ப்பது? கூடார முளைகள், அடுப்பு, கருவிகளைத் தண்டை ஒட்டி வையுங்கள். தூங்கும் பை, மாற்றுத்துணி பின்முனைக்கு. காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, பையின் வாயைச் சுருட்டி, வார்களை இறுக்குங்கள்.

எந்த அளவு வாங்குவது? குறைந்த சாமானோடு ஓரிரவுக்கு 10 முதல் 15 லிட்டர் போதும். பாதி காலியான பெரிய பையைவிட, நிரம்பிய சிறிய பை குறைவாகவே ஆடும். வாங்குமுன் சீட்டுக்கும் பின் டயருக்கும் உள்ள இடைவெளியை அளந்துவிடுங்கள். அது குறைவென்றால், கேரியரும் பக்கவாட்டுப் பைகளுமே நல்லது.