செவி அளக்கும் காலம்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத் தெருக்களில் காலை வேளையில் நடந்து பாருங்கள். வீடுகளுக்குள்ளிருந்து தறியோசை கேட்கும். அது மாறாத ஒழுங்கில் வரும்வரை நம் செவி அதைப் பொருட்படுத்துவதேயில்லை. ஓர் அடி பிந்தட்டும். இழை அறுந்ததோ என்று தெருவிற் செல்பவரும் திரும்பிப் பார்ப்பார். அவர் கையில் கடிகாரமில்லை. செவியே காலத்தை அளந்துவிட்டது.

பேச்சைக் கேட்கும்போதும் செவி இவ்வேலையைத்தான் செய்கிறது. 'கல்' என்பதும் 'கால்' என்பதும் பெரும்பாலும் நீளத்தால்தான் வேறுபடுகின்றன. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று வகுத்த தொல்காப்பியர், கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் அளவுகோலாகக் கொண்டார். தஜ்வீத் கலை பயிற்றும் உஸ்தாதுமார்கள் விரலை மடக்கும் அல்லது விரிக்கும் நேரத்தை ஒரு ஹரகத் என்கின்றனர். இயல்பான மத்துக்கு இரண்டு ஹரகத். லாஸிமான மத்துக்கு ஆறு. வெவ்வேறு மொழியினர் இருவரும் மனித உடலையே கடிகாரமாகக் கொண்டது வியப்பன்றோ!

ஆனால் எல்லோருடைய விரலும் ஒரே வேகத்தில் மடங்குவதில்லையே! முதியவர் நிதானமாக ஓதும் குறில், சிறுவன் விரைந்தோதும் நெடிலைவிட நீண்டிருக்கக் கூடும். கேட்பவர் குழம்பாதது எப்படி? ஒலியை ஆராய்ந்தோர் கண்ட விடை இது: செவி நொடிக்கணக்குப் பார்ப்பதில்லை, அக்கம் பக்கத்து ஒலிகளின் வேகத்தை அடிப்படையாகக் கொண்டே குறிலா நெடிலா என்று தீர்மானிக்கிறது. ஒரே ஒலி, விரைந்த பேச்சின் நடுவே நெடிலாகவும், மெதுவான பேச்சின் நடுவே குறிலாகவும் கேட்கலாம். தஹ்கீக், தத்வீர், ஹத்ர் என எந்த வேகத்தில் ஓதினாலும் விகிதம் கெடலாகாது என்று காரிகள் வற்புறுத்துவதன் நுட்பம் இப்போது விளங்கும்.

பாங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 'அக்பர்' என்பதன் இறுதியை நீட்டி 'அக்பார்' என்றால், முரசைக் குறிக்கும் சொல்லின் பன்மையாகிவிடும். 'அல்லாஹு' என்பதன் முதலொலியை நீட்டினாலோ அது கேள்வியாகிவிடும்! இனிய குரலுடைய மோதினார்கள்தாம் இங்கே அதிகம் கவனமாயிருக்க வேண்டும். குரல் இனிமையாயிருந்தால் நீட்டத் தோன்றுமல்லவா?

இன்னொன்று. பேச்சில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. பட்டுச் சேலையின் உடலும் கரையும் கோர்வையாக இணைவதுபோல் சொற்களும் பிணைந்தே வருகின்றன. மொழி தெரிந்தவர் செவி தானே பிரித்துக்கொள்ளும். அரபி தெரியாத நம்மில் பலருக்கோ, ஓதுபவர் விடும் நீட்டலும் நிறுத்தலுமே துணை. ஓரூரில் ரமளான் இரவொன்றில் தராவீஹ் தொழுதேன். ஓதியவர் விரைவில் மத்துகளெல்லாம் கரைந்தன. எங்கே ஆயத்து முடிந்தது, எங்கே அடுத்தது தொடங்கியது என்று எனக்குப் புலப்படவேயில்லை. மனம் வெறுமையாகத் திரும்பினேன்.

பெருமானார் (ஸல்) அவர்களின் பேச்சு, எண்ண விரும்புபவர் சொற்களை எண்ணிவிடத்தக்க நிதானத்தில் இருந்ததென அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அண்ணலாரின் ஓதல் நீட்டி ஓதுவதாக இருந்ததென்று கூறிய அனஸ் (ரலி) அவர்கள், பிஸ்மியை நீட்டி ஓதியும் காட்டினார்கள்.

எகிப்திய காரி மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி அவர்கள் முழுக் குர்ஆனையும் நிதான நடையில் ஓதிய ஒலிப்பதிவு 1961-ல் கெய்ரோவில் வெளியாயிற்று. அது இன்று எளிதிற் கிடைக்கிறது. பிள்ளைகளை அருகில் அமர்த்தி, அதைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு மத்துக்கும் விரல் மடக்கி எண்ணச் சொல்லுங்கள். அடுத்த வெள்ளியன்று பள்ளிவாசலில் அவர்கள் விரல்கள் தாமாகவே மடங்குவதைக் காண்பீர்கள்.