சாண எரிவாயுக் குழிக்குள் இறங்காதீர்கள்

பட்டாசு மருந்து அறைக்குள் செருப்போடு நுழையக் கூடாது, இரும்புச் சாமான் உரசக் கூடாது என்று சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வீட்டுக் கொல்லையில் இருக்கும் சாண எரிவாயுக் கலனிடமும் அந்தப் பயம் வேண்டும். அதிலிருந்து கசியும் மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் ஒரு தீப்பொறி போதும்.

நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. நான்கைந்து மாடு இருந்தால் தினம் 50 கிலோ சாணம் சேரும். 2 கன மீட்டர் கலனுக்கு அது போதும். ஒரு கன மீட்டர் வாயு, சிலிண்டர் வாயுவில் ஏறக்குறைய 450 கிராமுக்குச் சமம். வெளியே வழியும் கரைசல் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் உரம். மக்காச்சோளத் தட்டையையும் போடலாம், ஆனால் பொடியாக நறுக்கி, ஊறவைத்து, சாணத்தோடு கொஞ்சமாக. நீளமாகப் போட்டால் மேலே மிதந்து ஏடு கட்டிக்கொள்ளும்.

அந்த ஏட்டை எடுக்கத்தான் ஆள் இறங்குகிறார். உள்ளே மூச்சுவிடக் காற்று இருக்காது. அங்கிருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ‘நாத்தம் போயிருச்சு, இறங்கு’ என்பது கொல்லும் பேச்சு. விழுந்தவரைத் தூக்கக் குதிப்பவரும் விழுவார். மேலிருந்தே பம்பு வைத்து இறையுங்கள். யாராவது மயங்கினால் 112-ஐ அழையுங்கள். கூலிக்கு வந்தவர் இறங்க மறுத்தால் அது அவருடைய உரிமை. கழிப்பறைக் கழிவு சேரும் தொட்டியில் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

நம் கரிசல் மண் மழையில் ஊதும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அதில் கலனின் செங்கல் கூரை விரிசல் விடலாம். அடித்தளத்தை எப்படிப் போடுகிறார்கள் என்று கட்டும்போதே கேளுங்கள். குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் கசிவு குமிழாகத் தெரியும். தீக்குச்சி வைத்துப் பார்க்காதீர்கள்.

1 முதல் 25 கன மீட்டர் வரையிலான கலன்களுக்கு ஒன்றிய அரசின் தேசிய உயிர் ஆற்றல் திட்டத்தில் மானியம் உண்டு. கட்டத் தொடங்கும் முன்பே ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விசாரியுங்கள். கட்டித் தந்தவர் சரியாகச் செய்யவில்லையென்றால் 1915-க்குச் சொல்லலாம், அல்லது 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பில் இல்லாமல் அங்கே வழக்கை நிரூபிப்பது பாடு. கேட்டு வாங்கி பீரோவில் வையுங்கள்.