உவகை: ஒரு சொல்லாய்வு

மகிழ்ச்சி மிகுதியைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களுள் 'உவகை' தனித்து நோக்கத்தக்கது. களி, மகிழ் என்பன பழந்தமிழிற் கள்ளுண்ட மயக்கத்தையும் சுட்டின. உவகைக்கு அத்தொடர்பு இல்லை. தொல்காப்பியர் இதனை எண்வகை மெய்ப்பாடுகளுள் இறுதியில் வைத்து, அல்லல் நீங்கியது என அடைகொடுத்து, செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்னும் நான்கினின்றும் தோன்றும் என்பர். புலனாவது அறிவுடைமை என உரைப்பாரும் உளர்.

வடமொழி நாட்டிய நூலாரின் சிருங்காரத்துக்கு உவகையை நேராக்கும் வழக்கம் ஆய்வாளரிடை உண்டு. அது முற்றும் பொருந்துமாறு இல்லை. சிருங்காரம் காதலையே நிலைக்களனாக உடையது. உவகைக்கோ காதல் நான்கனுள் ஒன்று. கற்றோன் தன் அறிவாற் பெறும் இன்பமும், ஆற்றிலும் சோலையிலும் ஆடுவோர் பெறும் இன்பமும் அச்சமன்பாட்டில் மறைந்தொழியும்.

இக்கால வழக்கில் இச்சொல் பெரும்பாலும் வாழ்த்துரைகளிலும் அழைப்பிதழ்களிலும் 'பேருவகை' என்னும் வடிவிலேயே காணப்படுகின்றது. உவத்தல் என்னும் வினை அதனினும் அருகிவிட்டது.