கார்த்திகைக் கூட்டத்தின் நிறை

திருக்கார்த்திகை கழிந்து ஆறாம் நாள் முன்னிரவு. பதுளைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றின் பெரட்டுக்களத்திலே மாணவர் சிலருடன் நின்றிருந்தேன். விழா நாளில் முழுமதியின் ஒளி அறுமீனை மழுக்கிவிடும். அன்றோ நிலவு இன்னும் எழவில்லை. கீழ்வானில் அக்கூட்டம் தெளிவாகத் தோன்றியது.

“இதன் நிறை ஏறக்குறைய 800 சூரியன்களின் நிறை” என்றேன்.

கொழுந்தெடுக்கும் தாயொருத்தியின் மகள் உடனே கேட்டாள்: “எந்தத் தராசில நிறுத்தாங்க, சேர்?”

தக்க வினா. மடுவத்துத் தராசு பிழைத்தால் அவள் வீட்டு அடுப்பு அறியுமன்றோ?

வழிகள் இரண்டு உண்டு. கூட்டம் சுமார் 440 ஒளியாண்டுத் தொலைவிலுள்ளது. தொலைவு தெரிந்தால் ஒவ்வொரு விண்மீனின் உண்மையொளி தெரியும். ஒளியிலிருந்து நிறையை மதிப்பிட்டுக் கூட்டலாம். ஆனால் இது செக்ரோல் கணக்குப் போன்றது. பெயர் பதியப்படாத மங்கல் விண்மீன்கள் இதில் விடுபட்டுப்போகும்.

மற்றையது வேகக் கணக்கு. கூட்டத்தினுள்ளே விண்மீன்கள் வினாடிக்கு ஒரு கிலோமீற்றருக்கும் குறைந்த வேகத்தில் அலைகின்றன. அவை சிதறாதபடி பிணித்துவைக்க எவ்வளவு ஈர்ப்பு வேண்டும் என்று கணித்தால், காணாதவற்றின் நிறையும் கணக்கில் வந்துவிடும்.

வயதையும் அறியலாம். நிறை மிகுந்த விண்மீன் தன் எரிபொருளை விரைவிற் செலவிட்டு முடிக்கும். இன்னும் எரிபவற்றுள் மிகப் பெரியது எது எனக் கண்டால், கூட்டத்தின் வயது பத்துக் கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேல் எனப் புலனாகும். இன்னும் இருபத்தைந்து கோடி ஆண்டுகளில் அது கலைந்துவிடும் என்பர். ஒன்றையொன்று நெருங்கும்போது ஒன்று வேகம் பெற்று வெளியேறும். எஞ்சியவற்றின் பிணைப்புத் தளரும். இவ்வெளியேற்றத்தின் வீதத்தை, சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சந்திரசேகர் 1943இல் ஆராய்ந்தெழுதினார்.

இதைச் சொல்லுகையில் என் குரல் தடுமாறியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. என் வகுப்புத் தோழர் பலர் பதுளைப் புகையிரத நிலையத்திலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்டனர். எந்நாட்டுப் பதிவிலும் பெயரின்றி இங்கே தங்கியோரும் இருந்தனர். அவர்களுக்கான குடியுரிமைச் சட்டமொன்று 2003இல் வந்தது.

“வெளியே போன மீனை அப்புறம் எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்றாள் அச்சிறுமி.

ரோகிணியின் திசையிலே மற்றொரு கூட்டமுண்டு, ஹையாடீஸ் என்பர். அதை விட்டகன்ற விண்மீன்கள் முன்னும் பின்னுமாக நெடுந்தொலைவு நீண்டு கிடப்பதை, கையா விண்கலத்தின் அளவீடுகளைக்கொண்டு 2019இல் கண்டறிந்தனர். அவற்றின் இயக்கமே அவற்றின் பிறப்பிடத்தைக் காட்டிக்கொடுத்தது.

என் தோழருள் ஒருவன் நீலகிரியிலே தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கமர்ந்தான். பல ஆண்டுகளின் பின் அவனைக் கண்டபோது முகத்தை நான் அறியவில்லை. அவன் வாய்திறந்து இரண்டு சொற் பேசினான், பதுளை கேட்டது.