ஹூவர் கட்டடமும் நான்கு வண்ணங்களும்

லண்டனின் மேற்குப் புறநகரான பெரிவேலில், வெஸ்டர்ன் அவென்யூ நெடுஞ்சாலையோரம் நீளமாக ஒரு வெள்ளைக் கட்டடம் நிற்கிறது. ஹூவர் நிறுவனம் வாக்குவம் கிளீனர் தயாரிப்பதற்காக 1933இல் திறந்த தொழிற்சாலை அது. வாலிஸ், கில்பர்ட் அண்ட் பார்ட்னர்ஸ் என்ற கட்டடக்கலை நிறுவனத்தின் வடிவமைப்பு. வெள்ளைச் சுவர், பச்சை ஜன்னல் சட்டங்கள், வாசலைச் சுற்றி வண்ணப் பீங்கான் ஓடுகள், வாசலுக்கு மேலே கதிர் விரித்த சூரியன்போல ஓர் அலங்காரம். கலை வரலாற்றாசிரியர் பெவ்ஸ்னர் இதைக் கடுமையாக ஏசி எழுதினார். ஊர்மக்களோ இதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். இன்று லண்டனின் 1930களைக் காட்டும் அச்சோவியங்களில் இந்தக் கட்டடத்துக்குத் தனி இடம் உண்டு.

அச்சோவியம் என்றால் ஓவியத்தைப் போட்டோ எடுத்து அடித்த பிரதி என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அச்சோவியத்தில் ஒரு வகையான அசல் ஸ்கிரீன் பிரிண்ட்டில், கலைஞரோ அவரது மேற்பார்வையில் அச்சுக்கூடத்தினரோ வலை தயாரித்து, மை கலந்து, ஒவ்வொரு தாளாக இழுத்து எடுக்கிறார்கள். திருப்பூரில் பனியனில் படம் போடுவதும் நம் ஊர் அச்சகங்களில் கல்யாணப் பத்திரிகை அடிப்பதும் இதே முறையில்தான்.

வலைக்கு முன்பு பட்டுத் துணி, இப்போது பாலியெஸ்டர். மெல்லிய அந்த வலையை ஃபிரேமில் விறைப்பாக இழுத்துக் கட்டி, ஒளிபட்டால் இறுகும் எமல்ஷனைப் பூசி, இருட்டில் காயவைக்கிறார்கள். படத்தைக் கறுப்பாக எடுத்த ஃபிலிமை அதன்மேல் வைத்துப் புற ஊதா ஒளி காட்டுகிறார்கள். ஒளி பட்ட இடம் இறுகிவிடும். கறுப்பு மறைத்த இடம் இறுகாமல் இருக்கும். தண்ணீரைப் பீய்ச்சினால் அந்த இறுகாத பகுதி கரைந்து ஓடி, வலையில் படம் திறந்துகொள்ளும்.

பிறகு மையை ஊற்றி, ரப்பர் விளிம்புள்ள ஸ்குவீஜியால் ஒரே இழுப்பு. வலை தாளோடு ஒட்டிக் கிடக்காது, சில மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். ஸ்குவீஜி அழுத்தும் கோட்டில் மட்டும் தாளைத் தொட்டுவிட்டு உடனே மேலெழும்பிவிடும். அப்படி எழும்புவதால்தான் கோட்டின் ஓரம் கசியாமல் கத்தியால் வெட்டியதுபோல விழுகிறது.

ஒரு வலைக்கு ஒரு வண்ணம்தான். நான்கு வண்ணம் வேண்டுமென்றால் நான்கு வலை, நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் தாள் அதே இடத்தில் உட்கார வேண்டும். ரிஜிஸ்டர் எனப்படும் இந்தப் பொருத்தம் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் பச்சை ஜன்னல் சுவருக்குள் ஏறிவிடும், அந்தத் தாள் வீண்.

வண்ணத்துக்கு ஒரு வலை என்ற இந்தக் கட்டுப்பாடுதான் கலைஞரைக் கட்டடத்தை ஊன்றிப் பார்க்க வைக்கிறது. ஹூவருக்கு நான்கு வண்ணம்தான் என்று முடிவானால் எதை விடுவது? சுவருக்கு மை போடாமலே விட்டுவிடலாம். சுற்றிலும் வானத்துக்கு இளநீலம் விழுந்ததும், அச்சேறாத வெற்றுத் தாளே வெள்ளைச் சுவராக எழுந்து நிற்கும். ஜன்னல்களுக்குப் பச்சை, ஓடுகளுக்குச் சிவப்பு. கடைசியாக, ஒளி ஊடுருவும் சாம்பல் நீலத்தில் நிழல். அது தாள்மீது விழுந்தால் சுவரின் நிழல், பச்சைமீது விழுந்தால் கரும்பச்சை, சிவப்பின்மீது விழுந்தால் அடர் அரக்கு. நான்கு மையில் ஏழு நிறம் கிடைத்துவிடுகிறது. நேர்கோடும் தட்டையான நிறமுமாகக் கட்டப்பட்ட ஆர்ட் டெக்கோ பாணிக் கட்டடத்துக்கு இதைவிடப் பொருத்தமான அச்சுமுறை இல்லை என்பது என் எண்ணம்.

இப்படி ஒரு கட்டடத்தைக் கொண்டாடுவதற்குப் பின்னால் ஒரு வலியும் இருக்கிறது. லண்டனின் பிரென்ட்ஃபோர்டில், ஹூவர் கட்டடத்தை வடிவமைத்த அதே கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்த ஃபயர்ஸ்டோன் டயர் தொழிற்சாலை இருந்தது. பாதுகாப்புப் பட்டியலில் அதைச் சேர்க்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோதே, 1980 ஆகஸ்ட்டில் ஒரு விடுமுறை வார இறுதியில் முகப்பை இடித்துத் தள்ளினார்கள். அந்த அதிர்ச்சி, இருபதாம் நூற்றாண்டுக் கட்டடங்களைக் காப்பாற்றும் முயற்சிக்கு வேகம் கொடுத்தது. ஹூவர் இரண்டாம் நிலை நட்சத்திரத் தகுதியுடன் பட்டியலில் இருக்கிறது. தொழிற்சாலை 1980களில் மூடப்பட்டது. 1992இல் பின்பகுதியில் டெஸ்கோ அங்காடி வந்தது. முன்கட்டடத்தில் இப்போது குடியிருப்புகள்.

இத்தகைய அச்சோவியம் வாங்க நினைப்பவர்கள் தாளைச் சாய்த்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்கிரீன் பிரிண்ட்டில் மை தாளின்மேல் மெல்லிய படலமாகத் தெரியும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் தட்டையான நிறங்கள் ஒரே சீராக இருக்கும். இன்க்ஜெட் பிரதியில் பொடிப்பொடிப் புள்ளிகள் தெரியும். கீழே 12/50 என்று பென்சிலில் எழுதியிருந்தால், ஐம்பது மட்டுமே அடித்ததில் அது பன்னிரண்டாம் எண் கொண்டது என்று பொருள். அந்த எண்ணும் கையெழுத்தும் படத்தோடு சேர்ந்தே அச்சாகியிருந்தால் அது போஸ்டர்தான். அசல் அச்சின் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.