நோய்ப் பெயர் மாற்றமும் மருத்துவ நிலையத்தின் வரவும்

ஒரு பொருளுக்கு இட்ட பெயர் மாறினால் அப்பொருள் மாறிவிடாது என்பது நாம் யாவரும் அறிந்ததே. ஆயினும், பெயரை நம்பியே பணம் கைமாறும் இடத்தில், பெயர் மாற்றம் ஒரு நிலையத்தின் வாழ்வையே ஆட்டிவிடக் கூடும். 2015ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் அமெரிக்க நாட்டில் அத்தகைய மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. அந்நாள் தொட்டு, அந்நாட்டு மருத்துவர்கள் காப்புறுதி நிறுவனங்களுக்கு அனுப்பும் கட்டணப் பட்டியல்களில், 1979 முதல் வழங்கிய நோய்க் குறியீடுகளைக் கைவிட்டுப் புதிய குறியீடுகளை எழுத வேண்டியவராயினர். இம்மாற்றத்தின்போது ஒரு துறை மருத்துவ நிலையம் தன் வரவைக் காத்துக்கொள்வது எங்ஙனம் என்பதை, எலும்பு மருத்துவத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம். சொல்லையும் பொருளையும் நாளும் எடைபோடும் தமிழாசிரியர்களுக்கு இஃது அயலான செய்தியன்று.

கட்டணம் வந்து சேரும் வழி

அமெரிக்காவில் நோயாளி பெரும்பாலும் மருத்துவரின் கட்டணம் முழுவதையும் தாமே கொடுப்பதில்லை. பெரும்பகுதியைக் காப்புறுதி நிறுவனமோ அரசாங்கத் திட்டமோ செலுத்துகிறது. முதியோருக்கென 1965இல் சட்டமான மெடிகேர் திட்டத்தில், நோயாளி ஆண்டுதோறும் முதலில் ஏற்கவேண்டிய தொகை கழிந்த பின்னர், மருத்துவருக்கு ஒப்புக்கொண்ட கட்டணத்தில் பொதுவாக 80 விழுக்காட்டைத் திட்டம் தருகிறது; எஞ்சிய 20 விழுக்காடு நோயாளியின் பொறுப்பு.

இப்பணத்தைப் பெற மருத்துவ நிலையம் இரு வகைக் குறியீடுகளை எழுதி அனுப்ப வேண்டும். செய்த சிகிச்சை யாது என்பதைக் கூறுவது ஒன்று. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966இல் முதன்முதலாக வெளியிட்ட குறியீட்டு முறை அதற்குரியது. அச்சிகிச்சை எந்த நோய்க்காகச் செய்யப்பட்டது என்பதைக் கூறுவது மற்றொன்று. முன்னது விலையை நிறுவும். பின்னது காரணத்தை நிறுவும். 2015இல் மாறியது பின்னதே. மருத்துவரின் கட்டணத்தில் ஒரு காசும் மாறவில்லை. ஆனால் காரணம் பொருந்தாத பட்டியல் மறுக்கப்படும் ஆதலின், விலை மாறாமலே வரவு நின்றுவிடும் நிலை ஏற்படலாயிற்று.

எல்லாம் செம்மையாக நடந்தாலும் பணம் உடனே வருவதில்லை. மெடிகேர் திட்டத்தில், மின்வழி வந்த பட்டியலுக்கு 14ஆம் நாளுக்கு முன்னும், தாள்வழி வந்த பட்டியலுக்கு 29ஆம் நாளுக்கு முன்னும் பணம் கொடுக்கப்படுவதில்லை. மருத்துவ நிலையமோ ஊழியர் சம்பளம், வாடகை, மருந்துச் செலவு ஆகியவற்றை நாள் தவறாது கொடுத்தாக வேண்டும். இவ்விடைவெளியை அளக்க ஒரு கணக்கு உண்டு. வரவேண்டிய நிலுவை முழுவதையும் ஒரு நாளின் சராசரிக் கட்டணத்தால் வகுப்பதே அது. நிலுவை 6,00,000 டாலர், நாட்கட்டணம் 15,000 டாலர் என்று கொள்வோமாயின், 40 நாட் கட்டணம் வெளியே நிற்கிறது என்பது விடை. இவ்வெண் 40லிருந்து 60 ஆகுமாயின், 3,00,000 டாலர் மேலும் வெளியே தங்கிவிட்டது என்பது பொருள். மாற்றக் காலத்தில் நிலைய மேலாளர் கண்ணிமைபோற் காக்க வேண்டிய எண் இதுவே.

ஒன்று நாற்பத்தெட்டான கதை

நோய்களை வகுத்துப் பெயரிடும் உலகப் பட்டியல், பிரெஞ்சு நாட்டவரான ழாக் பெர்த்தியோன் 1893இல் முன்வைத்த இறப்புக் காரணப் பட்டியலிலிருந்து வளர்ந்தது. 1948 முதல் உலகச் சுகாதார நிறுவனம் அதனைப் பேணி வருகிறது. அதன் பத்தாம் பதிப்பை உலகச் சுகாதாரப் பேரவை 1990இல் ஏற்றது. அமெரிக்கா அதனை இறப்புப் பதிவுக்கு 1999லேயே கைக்கொண்டது. கட்டணப் பட்டியலுக்கோ நெடுங்காலம் ஒன்பதாம் பதிப்பையே பற்றி நின்றது. 2013 அக்டோபர் என முதலில் குறித்த நாள் 2014 அக்டோபருக்குத் தள்ளப்பட்டது; பின்னர்ச் சட்டத்தின் வழியே 2015 அக்டோபருக்குத் தள்ளப்பட்டது.

பழைய முறையில் சுமார் 14,000 நோய்க் குறியீடுகள் இருந்தன. புதியதில் அப்போது ஏறத்தாழ 69,000 இருந்தன. வாத்து மோதியதால் உற்ற காயத்திற்குங்கூடத் தனிக் குறியீடு உண்டென்று செய்தித்தாள்கள் நகையாடின. ஆனால் எலும்பு மருத்துவருக்கு இஃது நகைக்கும் செய்தியாக இல்லை. பெருக்கத்தின் பெரும்பங்கு அவர் துறையிலேயே விழுந்தது.

கையூன்றி வீழ்வோருக்கு மணிக்கட்டருகே நேரும் கோலிஸ் முறிவு என்பதனைக் காண்க. பழைய முறையில் தோல் கிழியாத முறிவுக்கு 813.41, கிழிந்த முறிவுக்கு 813.51 என இரண்டே குறியீடுகள். புதிய முறையில் வலக்கை எனில் எஸ்52.531, இடக்கை எனில் எஸ்52.532, எக்கை எனக் குறியாவிடின் எஸ்52.539. இவற்றின் ஈற்றில் ஏழாவதாக ஓர் எழுத்துச் சேர்ந்தாலன்றிக் குறியீடு நிறைவுறாது. முறிவுக்குச் சிகிச்சை நடைபெறும் நிலைக்கு ‘ஏ’. முறையே கூடிவரும் நிலைக்கு ‘டி’. கூடத் தாமதமாயின் ‘ஜி’. கூடாமலே நின்றால் ‘கே’. கோணிக் கூடினால் ‘பி’. இவையெல்லாம் தோல் கிழியாத முறிவுக்கு உரியவை. கிழிந்த முறிவுக்கு உரியனவும் பின்விளைவுக்கு உரியதும் சேர 16 எழுத்துகள். மூன்றைப் பதினாறால் பெருக்கினால் 48. பெயர்ச்சொல்லின் ஈற்றில் உருபு சேர்ந்து பொருளை வரையறுப்பது நம் மொழிக்கு இயல்பு. அது போன்றதோர் ஈற்றிலக்கணத்தை அமெரிக்க எலும்பு மருத்துவர் அன்று புதிதாகக் கற்க நேர்ந்தது.

அகராதி போதாமை

பழைய குறியீட்டுக்கு நேரான புதிய குறியீட்டைக் காட்டும் பெயர்ப்புப் பட்டியல்களை அரசாங்கமே வெளியிட்டது. அவற்றை மட்டும் நம்பியவர்கள் இடர்ப்பட நேர்ந்தது ஏன்? ஒன்றனை நாற்பத்தெட்டாகப் பிரிக்கும்போது, நாற்பத்தெட்டில் எது என்பதை எந்த அகராதியும் சொல்லாது. வலமா இடமா என்பதை மருத்துவர் தம் குறிப்பில் எழுதியிருந்தாலன்றிக் குறியீட்டாளர் அறியமாட்டார். எனவே, ஆயத்தம் தொடங்க வேண்டிய இடம் கணக்கர் அறையன்று, மருத்துவரின் எழுதுகோல்.

நன்கு நடத்தப்படும் நிலையம் செய்ய வேண்டியவற்றை முறைப்படுத்திக் கூறுவோம். முதலாவது, மாற்ற நாளுக்கு முன்னரே தேங்கிய பட்டியல்கள் அனைத்தையும் அனுப்பி முடித்தல். இரண்டாவது, தாம் மிகுதியாகக் காணும் ஐம்பது அல்லது நூறு நோய்களைத் தேர்ந்து, அவற்றுக்குப் புதிய குறியீடுகளையும் முன்கூட்டியே எழுதிப் பழகுதல். மூன்றாவது, சில மாதச் செலவுக்குரிய கைப்பொருளை ஒதுக்கல், அல்லது வங்கியில் கடன் வரம்பு பெற்றுவைத்தல். கடனை வரவு நன்றாக இருக்கும்போதே கேட்க வேண்டும்; வரவு நின்றபின் கேட்டால் வங்கி தயங்கும். நான்காவது, மாற்றத்திற்குப் பின் மறுக்கப்பட்ட பட்டியல்களை வாரந்தோறும் காரணவாரியாகப் பிரித்து நோக்கல். ஒரே காரணம் பத்து முறை வந்தால், திருத்த வேண்டியது பத்துப் பட்டியல்களையன்று; ஒரு வழக்கத்தை.

ஐந்தாவது, பழைய முறையை உடனே மூடிவிடாமை. எம்முறையில் எழுதுவது என்பதை, பட்டியல் அனுப்பிய நாளன்று, சிகிச்சை நடந்த நாளே முடிவு செய்தது. மருத்துவமனையில் தங்கியவருக்கு, வீடு திரும்பிய நாள். செப்டம்பர் 28இல் கை முறிந்து வந்தவரின் பட்டியலை அக்டோபர் 10இல் அனுப்பினாலும் பழைய குறியீடே வேண்டும். அவரே அக்டோபர் 12இல் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டால் அதற்குப் புதிய குறியீடு. இரண்டையும் ஒரே பட்டியலில் கலத்தல் ஆகாது. மெடிகேர் திட்டத்திற்குச் சிகிச்சை நாளிலிருந்து ஓராண்டு வரை பட்டியல் அனுப்பலாம் ஆதலின், இரு முறைகளையும் அறிந்த ஊழியர் மேலும் ஓராண்டு தேவைப்பட்டனர். போதாக்குறைக்கு, தொழிலாளர் காயமுற்றால் ஈடு செய்யும் காப்புறுதிகளை அச்சட்டம் கட்டுப்படுத்தவில்லை. தொழிலாளரின் முறிவுகளை மிகுதியும் காணும் எலும்பு மருத்துவர்க்கு இஃது மேலும் ஒரு சுமை.

விளைந்தது என்ன?

பேரழிவு நேரும் என்று அஞ்சியவர் பலர். மெடிகேர் நிர்வாகம் 2015 ஜனவரியில் நடத்திய முன்சோதனையில் 81 விழுக்காட்டுப் பட்டியல்களும், ஏப்ரல் சோதனையில் 88 விழுக்காடும் ஏற்கப்பட்டன. ஜூலைத் திங்களில் அந்நிர்வாகமும் அமெரிக்க மருத்துவச் சங்கமும் ஓர் இணக்கம் கண்டன. சரியான நோய்க் குடும்பத்தைச் சேர்ந்த செல்லத்தக்க குறியீடாயின், நுட்பம் போதாமை ஒன்றையே காரணமாக்கி ஓராண்டுக்கு மருத்துவர் பட்டியலை மறுப்பதில்லை என்பதே அது. அக்டோபர் முதல் நாள் தொடங்கி 27ஆம் நாள் வரை, நாளொன்றுக்கு 46 லட்சம் பட்டியல்கள் வந்தன, 10.1 விழுக்காடு மறுக்கப்பட்டன. வழக்கமான அளவே 10 விழுக்காடு. செல்லாத புதிய குறியீட்டால் திருப்பப்பட்டவை 0.09 விழுக்காடே. அஞ்சிய தீங்கு வாராமைக்கு, அஞ்சி ஆயத்தம் செய்ததே பெருங்காரணம் எனலாம்.

முன்னறிவிப்பில்லாத மாற்றம் எத்தகையது என்பதை 2024 பிப்ரவரி காட்டியது. மருத்துவர்க்கும் காப்புறுதி நிறுவனங்களுக்கும் இடையே பட்டியல்களைக் கொண்டுசெல்லும் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனத்தின் கணினிகள் அம்மாதம் 21ஆம் நாள் தாக்குதலுக்கு உள்ளாகி நின்றுபோயின. குறியீடுகள் பிழையற்றிருந்தும் அவை செல்லும் பாதை அடைபட்டது. சிறு நிலையங்கள் பல, உரிமையாளரின் சொந்தப் பணத்தால் சம்பளம் கொடுத்தன. ஒரே வழியை நம்பலாகாது என்பதும், கைப்பொருள் ஒதுக்கம் வீண் அன்று என்பதும் அப்போது தெளிவாயின.

யாருடைய இழப்பு?

இவையெல்லாம் மருத்துவரின் பணக்கவலை என்று ஒதுக்கிவிடலாகாது. பட்டியல் மறுக்கப்பட்டால், சில வேளைகளில் அத்தொகை நோயாளியின் வீட்டுக்கே கடிதமாகச் செல்கிறது. கை முறிந்த முதியவள் ஒருத்தி, தன் கட்டணம் ஏன் மறுக்கப்பட்டதென்று அறியாமல் தொலைபேசியருகே காத்திருக்கிறாள். காரணம், ‘வலக்கை’ என்ற ஒரு சொல் குறிப்பில் விடுபட்டதாக இருக்கலாம். இதற்கு எதிரான இடரும் உண்டு. பணம் எளிதில் வரும் குறியீட்டை, மெய்யில்லாதபோதும் எழுதிவிடும் ஆசையே அது. அவ்வாறு எழுதுவது சட்டப்படி குற்றம் என்பதோடு அமையாது. அக்குறியீடு நோயாளியின் வரலாற்றில் நிலைத்து நின்று, பின்வரும் மருத்துவரையும் மயக்கும்.

ஆகவே, மாற்றக் காலத்தில் வரவைக் காப்பது கணக்கரின் திறத்தால் மட்டும் ஆவதன்று. கண்டதைக் கண்டவாறு, ஐயத்திற்கு இடமின்றி மருத்துவர் எழுதிவைத்தால், குறியீட்டு முறை எத்துணை முறை மாறினும் அக்குறிப்பிலிருந்து புதிய குறியீட்டைப் பெற்றுவிடலாம். உலகப் பட்டியலின் பதினோராம் பதிப்பு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அதனை ஏற்கும் ஒவ்வொரு நாடும் இத்தகைய மாற்ற நாள் ஒன்றைக் கடந்தாக வேண்டும். அந்நாளுக்கான முதல் ஆயத்தம், இன்று எழுதும் நோய்க்குறிப்பைத் தெளிவாக எழுதுவதேயாம்.