413 பேர் பார்த்த ஆட்டம்

எப்போதும் ஜயித்துக் கொண்டே இருப்பவர்களைக் கண்டால் உலகத்தாருக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ஆனால் அவர்கள் நம்முடைய கோஷ்டியாக இருந்துவிட்டாலோ, விஷயமே வேறு! ஜயிப்பது அவர்கள் கடமையாகி விடுகிறது. அதைக் கண்டு களிப்பது நம் பிறப்புரிமையாகி விடுகிறது. நியூயார்க் நகரத்து யாங்கி கோஷ்டியின் அபிமானிகள் நாற்பது வருஷங்களுக்கு மேல் இந்தப் பிறப்புரிமையை அனுபவித்து வந்தார்கள். பிறகு திடீரென்று அது பறிபோயிற்று. அப்போது அவர்களுக்கு வந்த கோபத்தையும், அந்தக் கோபம் யார் தலையில் விடிந்தது என்பதையும்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நம் ஊரில் கிரிக்கெட் எப்படியோ, அமெரிக்காவில் பேஸ்பால் அப்படி. உருண்டையான மட்டையைத் தோளுக்கு மேல் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். எதிர்க் கோஷ்டிக்காரர் பந்தைத் தரையில் படாமல் வேகமாக வீசுவார். அடித்த பந்து வேலியைத் தாண்டி விழுந்தால் அதற்கு 'ஹோம்ரன்' என்று பெயர். ஆட்டக்காரர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆயிரம் தடவைக்கு எத்தனை தடவை அவர் வெற்றிகரமாக அடித்தார் என்று பார்ப்பார்கள். 300 வந்தால் அவர் நட்சத்திரம். பத்துக்கு மூன்று தடவை ஜயிப்பவனைத் தலையில் வைத்துக் கூத்தாடும் ஆட்டம் இது. ஆகையால் தோல்வி என்பது பேஸ்பால்காரர்களுக்குப் புதிது அல்ல. யாங்கி ரசிகர்களுக்குத்தான் புதிது!

1921 முதல் 1964 வரையில் 44 வருஷங்கள். அவற்றில் 29 தடவை தங்கள் லீகின் பட்டம் யாங்கிகளுக்கே கிடைத்தது. 'வேர்ல்ட் சீரீஸ்' என்னும் மகா பந்தயத்தில் 20 தடவை ஜயித்தார்கள். பேப் ரூத், லூ கெரிக், ஜோ டிமாஜியோ என்று, ஒரு தலைமுறை ஓய்ந்தால் அடுத்த தலைமுறை தயாராக வந்து நின்றது. அந்த வரிசையில் கடைசியாக வந்தவர் மிக்கி மாண்டில்.

மாண்டில் ஓக்லஹோமா மாகாணத்துச் சுரங்கத் தொழிலாளியின் பிள்ளை. 1951-ல், 19 வயதில், யாங்கி கோஷ்டியில் சேர்ந்தார். மின்னல் போல் ஓடுவார். இடக்கைப் பக்கமும் வலக்கைப் பக்கமும் நின்று அடிப்பார். அப்போது மைதானத்தின் நடுவே நின்றவர் டிமாஜியோ. அவருக்கு வயது 36; கால்கள் பழைய வேகத்தை இழந்திருந்தன. "அவரால் முடியாது, பந்து எங்கே வந்தாலும் நீயே ஓடிப் பிடித்துவிடு" என்று நிர்வாகி கேஸி ஸ்டெங்கல் பையனிடம் சொல்லி வைத்திருந்தார். வேர்ல்ட் சீரீஸின் இரண்டாவது ஆட்டத்தில் இருவருக்கும் இடையே ஒரு பந்து உயர வந்தது. மாண்டில் பாய்ந்து ஓடினார். கடைசி நிமிஷத்தில் பெரியவர் "என்னுடையது" என்று குரல் கொடுத்தார். மாண்டில் சட்டென்று நின்றார். தண்ணீர் வடியும் குழியின் மூடியில் அவருடைய பூட்ஸ் மாட்டிக்கொண்டது, முழங்கால் முறுக்கிக்கொண்டது. அன்று கெட்ட முழங்கால் பிறகு ஒருநாளும் பழையபடி ஆகவில்லை.

டிமாஜியோ அந்த டிசம்பரிலேயே விலகிக்கொண்டார். இன்னும் ஒரு வருஷம் ஆடினால் ஒரு லட்சம் டாலர் கிடைக்கும் என்று இருந்தும், மங்கிப்போன ஆட்டத்தை ஜனங்களுக்குக் காட்ட அவருக்கு மனம் இல்லை.

கட்டுப் போட்ட காலோடு மாண்டில் ஆடிக்கொண்டே போனார். 1956-ல் அவருடைய கணக்கு 353, ஹோம்ரன் 52. அப்படியும் யாங்கி ரசிகர்கள் அவரைப் பார்த்து, "நீ டிமாஜியோ ஆவாயா?" என்று கூச்சல் போட்டு வந்தார்கள். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பார்களே, அந்தக் கதைதான்.

1961-ல் ரோஜர் மாரிஸ் என்ற இன்னொரு மருமகள் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பேப் ரூத் 1927-ல் அடித்த 60 ஹோம்ரன்களை மீற மாண்டிலும் மாரிஸும் போட்டி போட்டார்கள். உடனே மாண்டில் வீட்டுப் பெண் ஆகிவிட்டார். மாரிஸ் வந்தேறி ஆகிவிட்டார். மாண்டில் 54-ல் நின்றார். மாரிஸ் 61 அடித்தார். பேப் ரூத்தின் சாதனையை மீறிய குற்றத்துக்காக ரசிகர்கள் அவரை மன்னிக்கவே இல்லை.

1964-ல் யாங்கிகள் மறுபடியும் லீக் பட்டம் பெற்று, வேர்ல்ட் சீரீஸில் செயின்ட் லூயி கோஷ்டியிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றார்கள். மறுநாளே நிர்வாகி யோகி பெர்ராவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தங்களைத் தோற்கடித்த கோஷ்டியின் நிர்வாகியான ஜானி கீனை அழைத்துக்கொண்டார்கள். அதே வருஷத்தில் ஸி.பி.எஸ். என்ற டெலிவிஷன் கம்பெனி, யாங்கி கோஷ்டியின் 80 சத விகிதப் பங்கை 1 கோடியே 12 லட்சம் டாலருக்கு வாங்கியது. நல்ல சரக்கு என்று நம்பித்தான் வாங்கினார்கள்.

1965-ல் பத்துக் கோஷ்டிகளில் யாங்கிகளுக்கு ஆறாவது இடம். 1966-ல் முதல் 20 ஆட்டங்களில் 16 தோல்வி. கீனும் வீட்டுக்குப் போனார். பழைய நிர்வாகி ரால்ஃப் ஹௌக் திரும்பி வந்தார். வருஷ முடிவில் பத்தாவது இடம், அதாவது கடைசி! 1912-க்குப் பிறகு யாங்கிகள் கடைசி இடத்தைப் பார்த்ததே இல்லை.

ரசிகர்களுடைய மனநிலையை என்ன சொல்வது? பெரிய இடத்தில் வாழ்க்கைப்பட்டு, ஒரே வருஷத்தில் வீடு ஏலத்துக்கு வந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. கண்ணெதிரே நின்றவர்களோ பழைய சூரர்கள். மாண்டில் 1965-ல் அடித்தது 255 கணக்கு. பந்து வீசுவதில் மன்னரான வைட்டி ஃபோர்டின் கையில் ரத்த ஓட்டம் சரியாக இல்லை. எல்ஸ்டன் ஹோவர்டுக்கு வயது 36 ஆகிவிட்டது. மாரிஸ் கை வலிக்கிறது என்று உட்கார்ந்தார். "சம்பளம் வாங்கிக்கொண்டு வேஷம் போடுகிறார்" என்று ஏசினார்கள். அவருடைய கையில் எலும்பு முறிந்திருந்தது பிற்பாடுதான் தெரிய வந்தது. ஆனால் ஏசின வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியுமா?

கூச்சல் போடுகிற ரசிகனாவது பரவாயில்லை. அவன் மைதானத்துக்கு வந்திருக்கிறான். பயப்பட வேண்டியது வராமல் இருந்துவிடுகிறவனுக்குத்தான். 1966 செப்டம்பர் 22-ந் தேதி வியாழக்கிழமை. சுமார் 67,000 பேர் உட்காரக் கூடிய யாங்கி மைதானத்தில் டிக்கெட் வாங்கி வந்தவர்கள் மொத்தம் 413 பேர்! ஒரு சுமாரான கல்யாணத்துக்குக்கூட அதைவிட அதிகம் பேர் வருவார்கள். சிகாகோ கோஷ்டி 4-க்கு 1 என்று ஜயித்தது.

டெலிவிஷனில் ஆட்டத்தை வர்ணித்துக்கொண்டிருந்தவர் ரெட் பார்பர். 30 வருஷங்களுக்கு மேல் அனுபவம் உள்ளவர். காலி நாற்காலிகளைக் காமிராவில் காட்டும்படி அவர் கேட்டார். மறுத்துவிட்டார்கள். காமிரா காட்டாததை அவர் வாயால் சொன்னார். இந்த மைதானத்தின் சரித்திரத்திலேயே மிகச் சிறிய கூட்டம் இன்றுதான் வந்திருக்கிறது, இன்றைய செய்தி ஆட்டமல்ல, இந்தக் கூட்டம்தான் என்ற கருத்தைப் பளிச்சென்று சொல்லிவிட்டார். சில தினங்களுக்குள் கோஷ்டியின் புதிய தலைவர் அவரைக் காலைச் சிற்றுண்டிக்கு அழைத்து, ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட மாட்டாது என்று தெரிவித்தார்.

வராத ரசிகர்கள் எங்கே போனார்கள்? பலர் ஊரின் இன்னொரு பக்கம் போனார்கள். அங்கே 'மெட்ஸ்' என்ற புதுக் கோஷ்டி இருந்தது. 1962-ல், பிறந்த வருஷத்திலேயே, 120 ஆட்டங்களில் தோற்றுப் பேர் வாங்கிய கோஷ்டி! அதன் நிர்வாகி யார் தெரியுமா? 70 வயதாகிவிட்டது என்று 1960-ல் யாங்கிகள் அனுப்பிவைத்த கேஸி ஸ்டெங்கல்தான். இனிமேல் 70 வயதாகும் தப்பை மட்டும் செய்யமாட்டேன் என்று சிரித்துக்கொண்டே வெளியேறியவர் அவர். மெட்ஸ் தோற்கத் தோற்க ஜனங்கள் படுக்கை விரிப்புகளில் வாசகம் எழுதிப் பிடித்து உற்சாகப்படுத்தினார்கள். 1964-ல் பட்டம் பெற்ற யாங்கிகளைப் பார்க்க வந்தவர்கள் சுமார் 13 லட்சம். கடைசி இடத்து மெட்ஸைப் பார்க்க வந்தவர்கள் 17 லட்சத்துக்கு மேல். தோல்வி மட்டுமே ரசிகர்களை விரட்டிவிடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? ஒன்றும் இல்லாத வீட்டில் பிறந்த குழந்தை தத்தித் தத்தி விழுந்தால் சிரிக்கிறோம். மிடுக்காக நடந்தவர் விழுந்தால் நமக்குக் கோபம் வருகிறது.

சரி, யாங்கிகள் விழுந்ததற்குக் காரணம் கிழவர்கள்தானா? கணக்கைப் புரட்டிப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. கிழவர்கள் எந்தக் காலத்திலும் இருந்தார்கள். பேப் ரூத்துக்கும் வயதாகத்தான் செய்தது. அப்போதெல்லாம் நாற்றங்காலில் இளம் பயிர் தயாராக இருந்தது. இப்போது நாற்றங்கால் காய்ந்து கிடந்தது.

முன்பு கன்ஸாஸ் நகரக் கோஷ்டியிடமிருந்து நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக யாங்கிகளிடம் வந்துகொண்டிருந்தார்கள். மாரிஸே அப்படி வந்தவர்தான். அந்தக் கோஷ்டிக்குப் புது முதலாளி வந்ததும் வாசல் சாத்தப்பட்டது. முன்பு கெட்டிக்காரப் பையன்களைப் பணத்தையும் பெயரையும் காட்டி வளைத்துப் போடலாம். 1965-லிருந்து, கடைசியாக வந்த கோஷ்டிக்கே பையன்களைத் தேர்ந்தெடுக்க முதல் உரிமை என்று விதி செய்துவிட்டார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய பிசகு ஒன்று உண்டு. கறுப்பு இனத்தவரான ஜாக்கி ராபின்ஸனை புரூக்ளின் கோஷ்டி 1947-லேயே சேர்த்துக்கொண்டது. யாங்கிகளுக்கு எல்ஸ்டன் ஹோவர்டைச் சேர்த்துக்கொள்ள 1955 வரையில் ஆயிற்று. இதற்குள் எத்தனையோ ரத்தினங்கள் வேறு வீடுகளுக்குப் போய்விட்டன. 1964-ல் ஏழாவது ஆட்டத்தில் பந்து வீசி யாங்கிகளைச் சாய்த்த பாப் கிப்ஸனும் கறுப்பு இனத்தவரே.

இத்தனை தவறுகளும் ஆபீஸ் அறைக்குள் நடந்தவை. ரசிகர்கள் டிக்கெட் வாங்கி ஆபீஸ் அறையைப் பார்க்க வருவதில்லை. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது நொண்டிக்கொண்டு ஓடிய மாண்டில்தான். வீட்டில் அரிசி இல்லாததற்கு அடுப்படியில் நிற்பவளைக் கோபிப்பதில்லையா? அந்த மாதிரி!

மாண்டில் குற்றமே அற்றவர் என்று சொல்லவும் முடியாது. குடியினால் தம் உடம்பைத் தாமே கெடுத்துக்கொண்டதை அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். 1995-ல், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னால், குழந்தைகள் தம்மைப் போல் ஆகக் கூடாது என்று பகிரங்கமாகச் சொன்னார். அதைக் கேட்டுக் கண் கலங்காத ரசிகர்கள் இல்லை.

ஆனால் 1966-லிருந்து ஒரு மாறுதல் ஏற்பட்டது. சகாக்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். மாரிஸை 1966 டிசம்பரில் செயின்ட் லூயிக்கு மாற்றினார்கள். ஃபோர்டு 1967 மே மாதம் விலகினார். ஹோவர்டு அந்த ஆகஸ்டில் பாஸ்டனுக்குப் போனார். மாண்டில் மட்டும் மிஞ்சினார். ஓட முடியாமல் முதல் பேஸில் நின்றார். 1967 மே 14, அமெரிக்கர்கள் அன்னையர் தினமாகக் கொண்டாடும் ஞாயிற்றுக்கிழமை, தமது 500-வது ஹோம்ரனை அடித்தார். முன்பு கூச்சலிட்ட அதே ரசிகர்கள், அவர் அடிக்கத் தவறினாலும் எழுந்து நின்று கைதட்ட ஆரம்பித்தார்கள். எதிரி ஊர்களிலும் அப்படியே. 1968 செப்டம்பரில் டெட்ராயிட் வீரர் டென்னி மக்லெயின், வேண்டுமென்றே சுலபமாக ஒரு பந்தை வீசிக் கொடுத்தார். மாண்டில் அதை ஹோம்ரனாக அடித்தார். அது அவருடைய 535-வது. எதிரியின் மைதானம் கரகோஷத்தால் அதிர்ந்தது.

அந்தக் கடைசி வருஷத்தில் அவருடைய கணக்கு 237. 1967-ஓடு நிறுத்தியிருந்தால் ஆயுள் கணக்கு 302 ஆக இருந்திருக்கும். கூட ஒரு வருஷம் ஆடியதால் 298 ஆகிவிட்டது. 300-ஐ இழந்த துக்கம் அவருக்குக் கடைசி வரையில் தீரவில்லை. டிமாஜியோ செய்தது புத்திசாலித்தனம் என்பார் உண்டு. இருக்கலாம். ஆனால் கடைசி இரண்டு வருஷங்களில் ஜனங்கள் அவரிடம் காட்டிய அன்பு, புகழின் உச்சியில் அவருக்குக் கிடைக்காத ஒன்று.

1969 ஜூன் 8-ந் தேதி யாங்கி மைதானத்தில் மாண்டிலுக்கு விடை கொடுத்தார்கள். அவருடைய 7-ம் நம்பர் சட்டையை இனி யாரும் அணியக் கூடாது என்று ஒதுக்கி வைத்தார்கள். 413 பேர் வந்த அதே மைதானத்துக்கு அன்று வந்தவர்கள் 60,000-க்கு மேல். பல நிமிஷங்கள் வரையில் கைதட்டல் ஓயவில்லை.

யாங்கிகள் மறுபடியும் லீக் பட்டம் பெற 1976 ஆயிற்று. வேர்ல்ட் சீரீஸை 1977-ல் ஜயித்தார்கள். ரோஜர் மாரிஸோ செயின்ட் லூயியில் போய் 1967-லேயே வேர்ல்ட் சீரீஸ் வெற்றியைக் கண்டார். ஆனாலும் நியூயார்க் பக்கம் வெகு காலம் அவர் தலை காட்டவில்லை. பட்ட காயம் அப்படி. 1978-ல் அழைத்து வந்தார்கள். தயங்கித் தயங்கி மைதானத்தில் கால் வைத்தார். கூட்டம் எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. 17 வருஷங்கள் தாமதமாக வந்த கைதட்டல்! மாரிஸ் 1985-ல் காலமானார். நல்ல வேளை, அது அவர் காதில் விழ நேரம் இருந்தது.